பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று

நவம்பர் 4

இன்று துப்பாக்கியின் குழலை வெட்டியாகிவிட்டது. இருபத்தாறு அங்குலம் இருந்தது இப்போது இருபது. வெட்டிய துண்டைப் பெள்ளன் பழைய துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். சப்பாத்தி தேய்க்கக்கூட உதவாது, இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று கேட்டேன். பட்டறையில் இருந்த யாரும் சிரிக்கவில்லை.

குழல் நீளம் அதிகம், முன்பாரம் இழுக்கிறது, அதனால்தான் போன போட்டியில் குறி ஒரு இடத்தில் நிற்கவில்லை என்பது ஆசீரின் கட்சி. இதே துப்பாக்கியை எட்டு வருஷமாகச் சுடுகிறார். எட்டு வருஷம் இழுக்காத பாரம் இப்போது மட்டும் ஏன் இழுக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். கட்டின புருஷனிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

பெள்ளன்தான் கொஞ்சம் இழுத்தார். எங்கள் ரைபிள் கிளப்பில் எல்லோருடைய துப்பாக்கிக்கும் அவர்தான் வைத்தியர். கோத்தகிரி ரோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறார்.

"அண்ணா, கொழல் நீளமா இருந்தாத்தான் புகை குண்ட ரொம்ப தூரம் தள்ளிட்டு வரும். ஆறு இஞ்ச் எடுத்தா வேகம் கொறையுமுங்க. வேகம் கொறஞ்சா காத்து இழுக்கும். பொறவு என்னைச் சொல்லக் கூடாது."

"உன்னை யாருப்பா சொல்லப் போறா? நீ வெட்டு," என்றார் ஆசீர்.

வெட்டியதும் தூக்கிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பல மாதமாக நான் பார்க்காத முகம்.

நவம்பர் 9

மழை. சுடும் ரேஞ்சுக்குப் போகவில்லை. எங்கள் பேக்கரியில் ஓவன் கதவின் கீல் கழன்றுவிட்டது. சிலிண்டர் வந்தது.

நவம்பர் 16

வெட்டிய குழலை முதல் முறை சுட்டுப் பார்த்தார். குண்டுகள் கொஞ்சம் தாழ விழுந்தன. அது எதிர்பார்த்ததுதான், குறியை ஏற்றிவிட்டால் தீர்ந்தது. ஆனால் சிதறல் அப்படியே இருக்கிறது. பத்தாம் வளையத்தில் ஒன்று, ஏழில் ஒன்று, குறித் தட்டியின் ஓரத்தில் ஒன்று.

"காத்து," என்றார்.

யூகலிப்டஸ் இலை ஒன்றுகூட அசையவில்லை. நானும் "ஆமாம், காத்து" என்றேன்.

குனிந்து தோட்டாப் பெட்டியை மூடும்போது அவர் வலது கை லேசாக ஆடியது. நவம்பர் குளிர், கையுறையும் இல்லை. குளிர்தான்.

நவம்பர் 23

காற்றுக்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். நீளமான, கனமான குண்டு. கனமான குண்டைக் காற்று அவ்வளவு சுலபமாகத் தள்ளாது என்று ஆசீர் சொல்கிறார். உண்மைதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு.

குழலுக்குள் வரிவரியாகத் திருகு ஓடும். அந்தத் திருகுதான் குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. பம்பரம் சுற்றினால்தானே நிற்கும்? குண்டும் அப்படித்தான், சுற்றினால்தான் மூக்கு முன்னால் இருக்கும். எங்கள் குழலின் முறுக்கு பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. குட்டைக் குண்டுக்கு அது தாராளம். நீளக் குண்டுக்கு இன்னும் நெருக்கமான முறுக்கு வேண்டும். போதாவிட்டால் குண்டு தள்ளாடிப் பக்கவாட்டில் போய் விழும்.

தோட்டா நிரப்புவது இந்த வீட்டில் என் வேலை. ஒரு காலத்தில் நானும் சுட்டவள்தான். மாநிலப் போட்டியில் இரண்டு முறை மெடல் வாங்கினேன். ஆசீரின் அப்பா, என் மாமா, படுக்கையில் விழுந்த வருஷம் துப்பாக்கியைக் கீழே வைத்தேன், அதற்குப் பிறகு எடுக்கவில்லை. இன்று நீளக் குண்டில் ஒரு பெட்டி நிரப்பிக் கொடுத்தேன்.

சோதனையைப் பெள்ளன் சுட்டார். ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள். ஓட்டைகள் எல்லாம் கச்சிதமான வட்டம். "முறுக்கு போதுமுங்க. தள்ளாடியிருந்தா ஓட்டை நீட்டமா விழுந்திருக்கும்," என்றார். ஆசீர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து ஆசீர் சுட்டார். அவர் சுட்ட தட்டியைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

டிசம்பர் 7

கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் தொடங்கிவிட்டன. எங்கள் ஊர்ப் பெட்ஃபோர்டு பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேக்கைத் திருப்பிக் கொண்டுவந்தாள். பிள்ளையின் பெயரை எழுதச் சொன்னால் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருக்கிறதே, பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டுமா என்று ஒரே சத்தம். பார்த்தேன். முதல் எழுத்து சரியான அளவு. போகப் போகச் சிறுத்து, கடைசி எழுத்து கடுகு அளவுக்குப் போயிருந்தது.

ஆசீரின் கையெழுத்துக்கென்றே இந்தக் கடைக்கு வருகிறவர்கள் இருந்தார்கள். ஐசிங் கூம்பின் நுனி அடைத்துக்கொண்டது என்றார். நான் நுனியைப் பிதுக்கிப் பார்த்தேன். வெண்ணெய் சீராக வந்தது. அந்த அம்மாவுக்கு வேறு கேக் எழுதிக் கொடுத்தேன்.

டிசம்பர் 8

இனி பெயர் எழுதுவது நான். அவருக்குப் போட்டிக்குப் பயிற்சி இருக்கிறது, நேரமில்லை. அப்படித்தான் கடையில் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 19

அவர் சட்டைப் பொத்தான்களை நான் போட்டுவிடுகிறேன். குளிரில் விரல் விறைத்துப் போகிறது.

டிசம்பர் 25

ஆராதனைக்குப் போனோம். பாட்டுப் புத்தகம் அவர் கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. ஃபேனே இல்லாத கோவில். பக்கத்து வரிசையில் இருந்த டீச்சர் திரும்பிப் பார்த்தார். நான் புத்தகத்தை வாங்கி இரண்டு பேருக்கும் பொதுவாகப் பிடித்துக்கொண்டேன். புதுப் பெண்டாட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறாயே என்று வெளியே வந்ததும் கேலி செய்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கும் சாக்கில் நன்றாக அழுது தீர்த்தேன்.

ஜனவரி 17, தூத்துக்குடி

நாளைக்குப் போட்டி. ஊருக்கு வெளியே உப்பளத்தை ஒட்டி ரேஞ்ச். ஆசீரின் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறோம். என்ன வெயில்! ஜனவரி என்று சொன்னால் இந்த ஊர் நம்பாது.

சாராள் மைனி மீன் குழம்பு வைத்திருந்தார்கள். ஆசீர் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை சும்மா மடியில்தான் இருந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மாத்திரை உருட்டுவது போல ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தன. மைனி அதையே பார்த்தார்கள். என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்கள்.

"ஏட்டி, இது எத்தன நாளா இருக்கு?"

"எது மைனி?"

"சும்மா நடிக்காதட்டி. அப்பாவுக்கும் இப்பிடித்தான ஆரம்பிச்சிச்சு. நீதான அவுகளுக்கு கடேசி வரைக்கும் கரண்டியில ஊட்டுன? ஒனக்குத் தெரியாதா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பிரயாணக் களைப்பு, ராத்திரி முழுக்க பஸ்ஸில் தூக்கமில்லை, எதையாவது கிளப்பிவிட்டு நாளைக்குப் போட்டியைக் கெடுக்காதீர்கள் என்று படபடவென்று பேசிவிட்டேன். மைனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இங்கே குளிர் என்று எழுத முடியாது. அதனால் களைப்பு என்று எழுதுகிறேன்.

ஜனவரி 18, தூத்துக்குடி

என்ன நாள் இது! நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

ஆசீர் சுட்டார். முதல் சுற்றில் பாதிக் குண்டுகள் தட்டியிலேயே படவில்லை. இரண்டாவது சுற்று அதைவிட மோசம். பின்னால் நாற்காலியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆசீர் பாதியில் எழுந்து, துப்பாக்கியைப் படுத்துச் சுடும் பாயிலேயே போட்டுவிட்டு வெளியே போய் நின்றார். நான் பின்னால் போனேன். "முடிஞ்சிருச்சு ஹெப்சி. அப்பா கைதான் எனக்கும் வந்திருக்கு," என்றார். இத்தனை மாதத்தில் அவர் வாயிலிருந்து இது வருவது முதல் தடவை.

அப்போது ரேஞ்ச் அதிகாரி குரூஸ் அண்ணாச்சி தட்டித் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். கப்பற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், குரலே பீரங்கி.

"அண்ணாச்சி, இங்க வாங்க. இந்த ஓட்டையளப் பாத்தியளா?"

பார்த்தோம். ஒன்றுகூட வட்டமில்லை. எல்லாம் சாவித் துவாரம் மாதிரி நீட்டமாகக் கிழிந்திருந்தன. குண்டு மூக்கால் வரவில்லை, படுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

"குண்டு புரளுது. ஒங்க முறுக்கு என்ன?"

"பன்னிரண்டுக்கு ஒண்ணு," என்றேன் நான்.

"அதுல இம்புட்டு நீள குண்டப் போட்டா எப்பிடி நிக்கும்? கொழல வேற வெட்டிருக்கிய. வேகம் கொறஞ்சா சுத்தும் கொறையும்லா?"

"மலையில வட்டமா விழுந்திச்சே அண்ணாச்சி," என்றார் ஆசீர். குரலே எழும்பவில்லை.

"மலையில காத்து லேசு. குண்ட ஒண்ணுஞ் செய்யாது. இங்க கடல் மட்டம், காத்து கனம். மூக்கப் புடிச்சித் திருப்பி விட்ரும். அங்க தப்பிச்சது இங்க தப்பிக்காது. மலைக்காரவுகதான் இந்தக் கூத்த அடிப்பிய."

ஆசீர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த வெயிலில், அத்தனை பேர் முன்னால், இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தோம். கடைசி இடம் வாங்கிவிட்டு இப்படிச் சிரிக்கிற ஜோடியைக் குரூஸ் அண்ணாச்சி பார்த்திருக்கவே மாட்டார். கை இல்லை, குண்டு. வெறும் குண்டு! அந்தத் தாளை அவரிடம் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். மைனியிடம் காட்டினேன். மைனிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றார்கள்.

ஜனவரி 20

வந்து சேர்ந்தோம். ஆசீர் தானே பிளம் கேக் போட்டுக் கிளப்பில் எல்லோருக்கும் கொடுத்தார். பெள்ளன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "மலையிலயே பொறந்து மலையிலயே சுட்டவன் நானுங்க. காத்துலயும் கனம், லேசுன்னு உண்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அதற்கென்ன என்று ஆசீர் இன்னொரு துண்டு கொடுத்தார்.

நான் மறுபடி குட்டைக் குண்டுக்கு மாறிவிட்டேன். இந்த முறுக்குக்கு அதுதான் சரி. இன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தோட்டாவுக்கு வெடிமருந்தை எடை போட்டேன்.

ஜனவரி 27

குட்டைக் குண்டு. நூறு மீட்டர். காற்று இல்லை, வெயிலும் இதமாக இருந்தது.

ஓட்டைகள் எல்லாம் வட்டம். அச்சில் போட்ட வட்டம். தட்டி முழுக்க.

ராத்திரிக்கு ரசம் மட்டும் வைத்தேன்.

பிப்ரவரி 1

நாலைந்து நாளாகப் பேச்சில்லாமல் இருந்தவர் இன்று காலை எழுந்ததும், "வாய்!" என்றார். குழலின் வாயைச் சொல்கிறார். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அதுதான். வெட்டும்போது அது மயிரிழை கோணினாலும் புகை ஒரு பக்கம் முந்திக்கொண்டு வந்து குண்டைத் தள்ளிவிடும். ஓட்டை வட்டமாக இருக்கும், ஆனால் கண்ட இடத்தில் விழும். கேட்கக் கேட்க எல்லாம் பொருந்தி வந்தது. நானும் நம்பினேன். நம்பினேன் என்றுதான் எழுத வேண்டும்.

பட்டறைக்குப் போனோம். ஆசீர் எடுத்த எடுப்பில், "கோணலா வெட்டிட்டியே பெள்ளா," என்றார். அங்கே வேறு இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். பெள்ளனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பத்தொம்பது வருசமா கொழல் வெட்டறேன். கண்ணாடி வச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். அண்ணா வேற யாரையாவது வச்சுச் சுட்டுப் பாருங்க. நான் சுட்டா எம் பக்கம் சாஞ்சு சுட்டேம்பீங்க. அக்கா சுடட்டும். அக்கா சுட்டும் செதறுச்சுன்னா என் லேத்த இன்னைக்கே வித்துடறேன்."

"சரி, இவளே சுடட்டும்," என்றார் ஆசீர்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, இரண்டு பேரும்.

பிப்ரவரி 3

தோள்பட்டை வலி என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

பிப்ரவரி 6

இன்று முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் நன்றாகச் சுட்டால் துப்பாக்கி நல்ல துப்பாக்கி. அப்புறம் மிச்சம் இருப்பது அவர் கை மட்டும்தான். நான் மோசமாகச் சுட்டால் துப்பாக்கிதான் கெட்டது. புதுக் குழல் வாங்கலாம், அது வர எத்தனையோ மாதம் ஆகும், அதுவரை இந்த வீட்டில் யாருக்கும் எந்த நோயும் இல்லை. பெள்ளனின் பெயர் கெடும். பெள்ளன் நல்ல மனுஷர். ஆனால் அவர் எனக்குப் புருஷன் இல்லை.

மாமாவுக்கு ஊட்டும்போது கஞ்சி கழுத்தில் வழியும். துடைக்கத் துடைக்க வழியும். அவர் வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு அந்தக் கண்தான் நினைவில் இருக்கிறது.

பிப்ரவரி 8

சுட்டேன்.

காலையில் மூன்று பேரும் ரேஞ்சுக்குப் போனோம். வேறு யாருமில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு பாயில் படுத்தேன். வாரைக் கையில் சுற்றி இறுக்கியதும் உடம்பு தானாகவே எல்லாவற்றையும் ஞாபகப்படுத்திக்கொண்டது. துப்பாக்கி தோளில் பதிந்தது. மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தினேன். குறி ஆணி அடித்த மாதிரி நின்றது. அப்படி நிற்காமல் இருந்திருக்கலாம்.

ஆசீர் பக்கத்தில் முக்காலியில் தொலைநோக்கியை வைத்துக் கண்ணைப் பதித்துக்கொண்டிருந்தார். பெள்ளன் பின்னால் நின்றார்.

முதல் குண்டை மேலே வலப்பக்கமாக விட்டேன். இரண்டாவதைக் கீழே இடப்பக்கம். மூன்றாவதை நேர் இடப்பக்கம் விட்டேன். நான்காவது கீழே வலம். எங்கெங்கே விட வேண்டும் என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தேன். ஒவ்வொன்றாகப் போய் விழுந்தது. பின்னால் பெள்ளன் மூச்சு விடுவது கேட்டது. அழுகிற மாதிரியான மூச்சு. நான் திரும்பவில்லை.

ஆசீர் நெடுநேரம் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஹெப்சி."

"ம்."

"நாலும் ஆறாம் வளையத்துக் கோட்டைத் தொட்டுக்கிட்டு நிக்குது."

நான் காலித் தோட்டாக்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"கோணல் வாய் கோடு பாத்துச் சுடாதும்மா. நீ நினைச்ச எடத்துலதான் எல்லாம் போயிருக்கு. உனக்குத் தப்பாச் சுடக்கூட ஒழுங்காத்தான் வருது." சிரிக்கப் பார்த்தார். "இந்தத் துப்பாக்கிக்கு ஒண்ணும் இல்ல. இல்லையா?"

பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். வாய்விட்டு, அசிங்கமாக அழுதேன். எனக்காகத்தான் அழுதேன், அவருக்காக இல்லை. மறுபடியும் அந்தக் கண்ணைப் பார்க்க வேண்டுமே என்று அழுதேன்.

ஆசீர் எழுந்து பெள்ளனிடம் போனார். "எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லிடறேன்," என்றார். பெள்ளன், "விடுங்கண்ணா, லேத்து எங்க போகுது," என்று அவர் கையைப் பிடித்தார். வலது கையை. பிடித்த பிறகும் அது ஆடிக்கொண்டிருந்தது. அதை மறைக்க யாரும் முயற்சி செய்யவில்லை.

திரும்பி வந்து என் பக்கத்தில், வெறும் தரையில் உட்கார்ந்தார்.

"கோயம்புத்தூர்ல அப்பாவப் பாத்த டாக்டர் இருக்காரா? நாள் வாங்கிடு."

"வாங்கறேன்."

"பெட்டியில மிச்சம் இருக்கில்ல? சுடு."

"வேண்டாங்க."

"ஒழுங்காச் சுடு ஹெப்சி. எட்டு வருஷம் இந்தத் துப்பாக்கி கூட இருந்திருக்கேன், அது எப்படிச் சுடும்னு நான் ஒரு தடவை பாக்கணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சுட்டேன். நடுவில் விழுந்தது. "பத்து," என்றார் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். அடுத்ததும் அதே ஓட்டையின் ஓரத்தில். "பத்து." போதும் என்று சொல்வார், சொல்வார் என்று ஒவ்வொரு குண்டுக்கும் காத்திருந்தேன். பெட்டி காலியாகும்வரை அவர் சொல்லவே இல்லை.